பழைய சூப்பர்மேன் ஏன் திரும்பத் திரும்ப வருகிறான்?



2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி புதிய 'சூப்பர்மேன்' படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே கேள்வி வந்துவிட்டது.

"தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்பவே சூப்பர்மேன் படம் வந்துச்சுன்னு அப்பா சொன்னாங்க. அப்புறம் ஏன் அதையே மறுபடி மறுபடி எடுக்கிறாங்க? புதுசா யாருக்குமே கதை தோணலையா?"

நல்ல கேள்வி, இல்லையா? உங்களில் பலருக்கும் இது தோன்றியிருக்கும். ஸ்பைடர்மேன், பேட்மேன், சூப்பர்மேன் என்று எல்லோரும் சில வருடங்களுக்கு ஒருமுறை புது நடிகருடன், புது உடையுடன் திரும்பி வருகிறார்கள். சட்னியை மாற்றி மாற்றி அதே இட்லியைப் பரிமாறுவது போல! இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கொஞ்சம் கண்ணீரும் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு நண்பர்கள்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து என்று ஒரு நகரம். அங்கே கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் படித்தார்கள். ஒருவர் பெயர் ஜெர்ரி சீகல். இவருக்குக் கதை எழுதப் பிடிக்கும். மற்றவர் ஜோ ஷஸ்டர். இவருக்குப் படம் வரையப் பிடிக்கும். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். இருவருமே பிழைப்புத் தேடி அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்த இருவரும் சேர்ந்து உருவாக்கியவன்தான் சூப்பர்மேன். அழிந்துபோகும் கிரகத்திலிருந்து தப்பி, பூமிக்கு வந்து சேர்ந்த குழந்தை. ஓர் எளிய விவசாயத் தம்பதி எடுத்து வளர்த்த பிள்ளை. 'வேறு ஊரிலிருந்து வந்தவன்' என்ற உணர்வு, இதை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் நன்றாகத் தெரிந்த உணர்வு.

ஆனால் எந்தப் பத்திரிகையும் உடனே வாங்கவில்லை. பல வருடங்கள் பல இடங்களுக்கு அனுப்பினார்கள். திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் 1938-இல் ஒரு நிறுவனம் சம்மதித்தது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' என்ற புதிய இதழின் முதல் எண்ணிலேயே சூப்பர்மேன் கதை வெளிவந்தது. விலை 10 சென்ட்.

சரி, நண்பர்களுக்கு எவ்வளவு கிடைத்தது தெரியுமா? பக்கத்துக்கு 10 டாலர். கதை 13 பக்கம். பெருக்கிப் பாருங்கள்: 130 டாலர். இருவருக்கும் பங்கு பிரித்தால் ஆளுக்கு 65 டாலர். அவ்வளவுதான்!

காசு குறைவு என்பதுகூடப் பெரிய விஷயம் இல்லை. அந்தக் காசோலையோடு ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். 'இனி இந்தக் கதாபாத்திரம் நிறுவனத்துக்கே சொந்தம்' என்பது அதன் பொருள். அப்போது இருவருக்கும் வயது 23. பல வருடம் காத்திருந்தவர்களுக்கு, கதை அச்சில் வந்தால் போதும் என்று இருந்திருக்கும்.

அந்த முதல் இதழின் ஒரு பிரதி, 2024-இல் நடந்த ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு விற்றது. அவர்களுக்குக் கொடுத்த காசோலை இருக்கிறதே, அந்தக் காகிதமே 2012-இல் 1 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது!

பறக்காத சூப்பர்மேன்

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். முதல் கதையில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது! தாவுவான், அவ்வளவுதான். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம், அதாவது சுமார் 200 மீட்டர். பறப்பதெல்லாம் பிற்பாடு சேர்ந்தது.

இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேன் என்பவன் ஒரே நாளில் முழுதாகப் பிறந்தவன் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் அவனுக்கு ஏதாவது ஒன்று சேர்த்தது. ஏதாவது ஒன்றைக் கழித்தது. அவனுடைய நாய் கிரிப்டோகூட 1955-இல்தான் கதைக்குள் வந்தது.

சினிமாவிலும் அப்படித்தான். 1948-இல் தியேட்டரில் வாரா வாரம் காட்டும் தொடர் படம் ஒன்று வந்தது. அதில் மனிதனைப் பறக்க வைக்க வழி தெரியவில்லை. என்ன செய்தார்கள்? சூப்பர்மேன் ஓடி வந்து கையைத் தூக்குவார். அடுத்த நொடி அவர் கார்ட்டூனாக மாறி மேலே பறப்பார்! அந்தக் காலப் பிள்ளைகள் அதையும் ரசித்துத்தான் பார்த்தார்கள்.

1978: நம்ப வைத்த படம்

1978-இல் இயக்குநர் ரிச்சர்ட் டோனர் பெரிய அளவில் 'சூப்பர்மேன்' படத்தை எடுத்தார். கதாநாயகன் கிறிஸ்டோபர் ரீவ், அப்போது அதிகம் அறியப்படாத நடிகர். ஏறக்குறைய 5 கோடியே 50 லட்சம் டாலர் செலவு. அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. வசூலோ உலகம் முழுவதும் சுமார் 30 கோடி டாலர்!

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலத்தில் எப்படிப் பறக்க வைத்தார்கள்? கம்பியில் தொங்கவிட்டது ஒரு வழி. இன்னொரு வழி மிகவும் சாமர்த்தியமானது. நடிகருக்குப் பின்னால் ஒரு திரை. அதில் மேகமும் மலையும் தெரியும். அந்தக் காட்சியைத் திரையில் விழச் செய்யும் கருவிக்கும் ஜூம் லென்ஸ். படம் பிடிக்கும் கேமராவுக்கும் ஜூம் லென்ஸ். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இயங்கும். அப்போது பின்னால் உள்ள மலை மாறாமல் அப்படியே இருக்கும். நடிகர் மட்டும் பெரிதாகிக்கொண்டே நம்மை நோக்கி வருவது போலத் தெரியும். உண்மையில் அவர் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை! இப்படிப்பட்ட காட்சிகளுக்காக அந்தப் படத்துக்கு ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது.

அதன் பிறகு 1980, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. ஆனால் போகப் போகத் தரம் குறைந்தது. நான்காவது படத்துக்குச் செலவைக் கடுமையாகக் குறைத்தார்கள். அது தெரியும்படியே படம் இருந்தது. தோல்வி! அதற்குப் பிறகு 19 வருடங்கள் திரையில் புதிய சூப்பர்மேன் படமே இல்லை.

மூன்று முறை எழுப்பினார்கள்

முதல் முயற்சி 2006. படத்தின் பெயர் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்'. பழைய படத்தின் மேல் உள்ள பாசத்தால் எடுத்த படம். அதே இசை. கிறிஸ்டோபர் ரீவ் சாயலில் பிராண்டன் ரூத் என்ற நடிகர். பழைய கதையின் தொடர்ச்சி. பெரியவர்களுக்குப் பிடித்தது. ஆனால் பழைய படங்களைப் பார்க்காத பிள்ளைகளுக்கு 'இதில் என்ன புதுசு?' என்று தோன்றியது. செலவு 20 கோடி டாலருக்கு மேல். வசூல் சுமார் 39 கோடி.

"அப்படியானால் 19 கோடி லாபம்தானே தாத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். இல்லை கண்ணு! வசூலில் ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு தனி. கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் பெரிதாக நிற்காது. அதனால்தான் அதன் அடுத்த பாகம் வரவே இல்லை.

இரண்டாவது முயற்சி 2013. 'மேன் ஆஃப் ஸ்டீல்'. நடிகர் ஹென்றி கேவில். இந்தத் தடவை நேர் எதிர்த் திசையில் போனார்கள். பழைய இசை வேண்டாம், வெளியே தெரியும் சிவப்பு உள்ளாடை வேண்டாம், சிரிப்பும் அதிகம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வண்ணங்கள் மங்கலாகின. சண்டையில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து விழுகிறது. கடைசியில் சூப்பர்மேன் வில்லனைக் கொன்றும் விடுகிறான். வசூல் நன்றாகத்தான் இருந்தது. சுமார் 67 கோடி டாலர். ஆனால் 'இவன் எங்கள் சூப்பர்மேனா?' என்று பெரிய விவாதம் நடந்தது.

மூன்றாவது முயற்சி 2025. இயக்குநர் ஜேம்ஸ் கன். நடிகர் டேவிட் கோரன்ஸ்வெட். சிவப்பு உள்ளாடை திரும்பி வந்தது. பழைய இசையின் மெட்டும் புது வடிவில் திரும்பியது. கூடவே சொன்ன பேச்சைக் கேட்காத நாய் கிரிப்டோவும் வந்தது! கிறிஸ்டோபர் ரீவின் மகன் வில் ரீவும் செய்தியாளராக ஒரு சின்னக் காட்சியில் வருகிறார். செலவு 22 கோடியே 50 லட்சம் டாலர். வசூல் 61 கோடிக்கு மேல். அடுத்த படம் 2027 ஜூலையில் வெளிவரும் என்று 2025 செப்டம்பரிலேயே இயக்குநர் அறிவித்துவிட்டார்.

அந்தச் சிவப்பு உள்ளாடை விஷயத்தைக் கேளுங்கள். அது வேண்டுமா, வேண்டாமா என்று இயக்குநர் வெகு நாள் யோசித்தாராம். நடிகர் கோரன்ஸ்வெட் ஒரு காரணம் சொன்னார். சூப்பர்மேனுக்கு அசாத்திய பலம்; கண்ணிலிருந்து நெருப்புக் கதிர் வரும். அப்படிப்பட்டவனைக் கண்டால் குழந்தைகள் பயப்படுவார்கள். அவர்கள் பயப்படக் கூடாது என்றுதான் அவன் இப்படிப் பளிச்சென்று, கொஞ்சம் வேடிக்கையாக உடுத்துகிறான் என்றாராம். இயக்குநர் ஒத்துக்கொண்டார். பாருங்கள், ஒரு துணித் துண்டுக்குப் பின்னால் எவ்வளவு யோசனை!

எதை மாற்றலாம்? எதை மாற்றக் கூடாது?

மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, பழையதை அப்படியே திருப்பித் தந்தது. இரண்டாவது, பழையதைத் தூக்கி ஓரமாக வைத்தது. மூன்றாவது, எது தோல், எது பழம் என்று பிரித்துப் பார்க்க முயன்றது.

2025 படத்தில் ஒரு காட்சி. ராட்சத மிருகம் ஒன்று நகரத்தில் அட்டகாசம் செய்கிறது. சூப்பர்மேன் அதோடு மல்லுக்கட்டுகிறான். அந்தக் களேபரத்திலும் ஓர் அணிலைத் தூக்கிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போகிறான். அணிலைக் காப்பாற்ற நேரம் ஏது என்று பெரியவர்கள் கேட்கலாம். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்!

அதே படத்தில் இன்றைய உலகமும் இருக்கிறது. ஒரு நாடு பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்கிறது. சூப்பர்மேன் போய்த் தடுத்து விடுகிறான். பத்திரிகையாளர் லோயிஸ் லேன் அவனை மடக்கி மடக்கிக் கேட்கிறாள்: யாரைக் கேட்டுப் போனாய்? உனக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? அவனோ, ஜனங்கள் சாகப் போகிறார்களே என்று தவிக்கிறான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 1978 படத்தில் இப்படிப்பட்ட கேள்வி வரவில்லை. இன்றைய செய்திகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புரியும்.

என் கருத்து இதுதான். பறக்கும் விதத்தை மாற்றலாம். உடையை மாற்றலாம். நடிகரை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் 'பலம் இருப்பவன் பலம் இல்லாதவனிடம் இரக்கமாக இருக்க வேண்டும்' என்ற அந்த ஒன்றை மாற்றினால், மிஞ்சுவது நீலச் சட்டை மட்டும்தான்.

நிறுவனங்களின் கணக்கு

பழைய நாயகனையே ஏன் எழுப்ப வேண்டும்? புதிய நாயகனை உருவாக்கினால் அவன் யார் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும். சூப்பர்மேனுக்கு அந்தக் கவலை இல்லை. மார்பில் உள்ள அந்த ஓர் எழுத்தே போதும். தாத்தாவும் டிக்கெட் வாங்குவார், பேரனும் வாங்குவான். பொம்மை, பென்சில் பெட்டி, பனியன் எல்லாம் விற்கும்.

சட்டமும் ஒரு காரணம். கதைக்கும் படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. உரிமை உள்ளவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அந்த உரிமைக்கு ஆயுள் உண்டு. நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை. அமெரிக்காவில் அந்தக் காலப் படைப்புகளுக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். 1928-இல் வந்த மிக்கி மவுஸ் படமான 'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1 அன்று இப்படித்தான் அங்கே பொதுச் சொத்தானது.

அதே கணக்கில், 1938-இல் வந்த முதல் சூப்பர்மேன் கதை 2034 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுச் சொத்தாகும். ஆனால் கவனியுங்கள்! அன்று பொதுச் சொத்தாவது அந்த முதல் கதையின் சூப்பர்மேன்தான். அவனுக்குத்தான் பறக்கத் தெரியாதே! பிற்பாடு சேர்ந்த சக்திகளும் ஆட்களும் அந்தந்த ஆண்டுக் கணக்குப்படிதான் ஒவ்வொன்றாக வரும். அதற்குள் புதிய படங்களால் 'எங்கள் சூப்பர்மேன்தான் சூப்பர்மேன்' என்று மக்கள் மனத்தில் பதிய வைத்துவிட வேண்டும் என்று எந்த நிறுவனமும் நினைப்பது இயற்கைதானே?

அந்த நண்பர்கள் என்ன ஆனார்கள்?

இப்போது நான் முதலில் சொன்ன கண்ணீருக்கு வருகிறேன்.

சூப்பர்மேன் கோடி கோடியாகச் சம்பாதித்தான். சீகலும் ஷஸ்டரும் 1947-இல் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். சூப்பர்மேன் அவர்கள் கைக்குத் திரும்பவில்லை. கதையில் அச்சிட்டு வந்த அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது. வருடங்கள் ஓடின. சீகல் குமாஸ்தா வேலை பார்த்தார். ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கிப் போயிற்று. சகோதரரின் ஆதரவில் இருந்தார். உலகத்திலேயே பலசாலியைப் படைத்தவர்களுக்கு அறுபது வயதில் இந்த நிலைமை!

1975-இல், பெரிய செலவில் சூப்பர்மேன் படம் வரப் போகிறது என்ற செய்தி சீகல் காதில் விழுந்தது. அவர் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் டைப் செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். செய்தி பரவியது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் வார்னர் நிறுவனம் இறங்கி வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் உதவித்தொகை. முக்கியமாக, 'உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்' என்று அவர்கள் பெயர் திரும்பவும் வரும். 1978 படத்தில் அந்தப் பெயர்கள் வந்தன. 2025 படத்திலும் வந்தன.

பழைய நாயகனை எழுப்பியதால் விளைந்த பெரிய நன்மை இதுதான் என்பேன். படம் வராமல் இருந்திருந்தால், அந்த இரண்டு முதியவர்களை யார் நினைத்திருப்பார்கள்?

ஷஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் மறைந்தார்கள். உரிமைச் சண்டை அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியில், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து நாடுகளின் சட்டப்படி அங்கே உரிமை தங்களுக்கே என்று ஷஸ்டரின் வாரிசுத் தரப்பு வழக்குத் தொடர்ந்தது. இது தன் அதிகார வரம்பில் வராது என்று அமெரிக்க மத்திய நீதிமன்றம் ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. வழக்கு பிறகு மாநில நீதிமன்றத்துக்குப் போனது. படம் குறித்த நாளில் வெளிவந்தது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 படத்தின் பல காட்சிகளை, அந்த நண்பர்கள் படித்து வளர்ந்த கிளீவ்லாந்து நகரத் தெருக்களிலேயே எடுத்தார்கள்.

நான் செய்த தவறு

கடைசியாக ஒன்று. இது சினிமா இல்லை, என் கதை.

நான் ஆசிரியராக இருந்தபோது பள்ளி ஆண்டு மலர் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக் கிணற்றடி அரச மரத்தை அழகாக வரைந்து கொடுத்தான். அட்டையிலேயே போட்டோம். எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் இடைவேளையில் அவன் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், படத்துக்குக் கீழே என் பேரு இல்லையே சார்?"

எனக்குச் சுருக்கென்றது. மறந்தே போயிருந்தேன்! பாதி மலர்கள் விநியோகம் ஆகிவிட்டன. மீதி இருந்தவற்றில், அன்று மாலை அவனும் நானும் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையிலும் பேனாவால் பெயர் எழுதினோம். கை வலித்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயர் இல்லாமல் போன அந்தப் பாதியும்தான் மனத்தில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். நீங்கள் ஒரு கதை எழுதினால், ஒரு படம் வரைந்தால், கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். நண்பன் உதவியிருந்தால் அவன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெரியவர்கள் ஆன பிறகு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும், முழுதாகப் படித்துப் பார்த்து, விவரம் தெரிந்தவரிடம் கேட்டு, அப்புறம் போடுங்கள்.

அடுத்த முறை தியேட்டரில் படம் பார்க்கும்போது இன்னொரு வேலையும் செய்யுங்கள். படம் முடிந்ததும் பெயர்கள் வரிசையாக ஓடும் அல்லவா? உடனே எழுந்து ஓடாதீர்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, இந்த நாயகனை முதலில் யோசித்தவர் யார், வரைந்தவர் யார் என்று தேடிப் படியுங்கள். அந்தப் பெயர் அங்கே வருவதற்கு அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ!